ஈசானியத்தில் தொடங்கிய கூரை

மழை வந்தால் எங்கள் மாடியில் தையல் மெஷின்கள் ஒரு நிமிடம் நின்றுபோகும். கரண்ட் போவதால் அல்ல. ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்ப்போம். தலைக்கு மேலே நீல நிற ஷீட் கூரை. அதன்மேல் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினால்கூடக் காதில் விழாது. பார்த்து முடித்ததும் யாராவது ஒருத்தி, "ஒண்ணியும் இல்ல, தெய்" என்பாள். மறுபடி மெஷின்கள் ஓடும், மழையோடு போட்டி போட்டுக்கொண்டு.

நூல்கண்டு கொண்டுவந்து போடுகிறவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மழ வந்தா எல்லாரும் சாமி கும்புடறீங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அவருக்கு நேரமில்லை, கேட்காமல் போய்விட்டார். உங்களுக்கு நேரம் இருந்தால் சொல்கிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் பல வருடம் லைனில், மெஷின் வரிசையில், உட்கார்ந்தவள். கால்பந்து ஆடலாம் போன்ற பெரிய ஷெட் அது. உச்சியில் வரிசையாக உருண்டை உருண்டையாகக் காற்றாடிகள், காற்றடித்தால் தாமாகச் சுற்றி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். அதெல்லாம் அங்கே இருக்கிறது என்பதே எனக்கு வெளியே நின்று பார்த்தபோதுதான் தெரியும். உள்ளே இருந்தவரைக்கும் நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை. எத்தனையோ ஐப்பசி கார்த்திகை அந்த ஷெட்டுக்கு அடியில் கழிந்திருக்கிறது. ஒரு சொட்டு விழுந்ததில்லை. கூரை ஒழுங்காக இருந்தால் அதை யாரும் பார்ப்பதில்லை. மருமகள் ஒழுங்காகச் சமைத்தால் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி.

லைனில் என் பக்கத்தில் உட்கார்ந்த நால்வரும் நானும் ஒரே வேனில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவர்கள். சொந்தமாகத் தைக்கலாம் என்ற பேச்சு அந்த வேனில்தான் பிறந்தது. எங்கே உட்கார்ந்து தைப்பது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கவரப்பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன கான்கிரீட் வீடு. மேலே மொட்டை மாடி சும்மா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

சும்மா காய்ந்துகொண்டிருந்தது என்று சொல்வதும் தப்பு. வெயிலில் காயும், மழையில் ஊறும். பின்னறைக் கூரையில் ஈரம் படர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, ஒருநாள் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. உள்ளே கம்பி சிவப்பாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பி செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறவர். நாற்காலி போட்டு ஏறி, விரலால் அந்தத் துருவைச் சுரண்டிப் பார்த்தார்.

"தண்ணி பட்டா துருப்புடிக்கும், துருப்புடிச்சா கம்பி உப்பும், உப்பினா சிமெண்ட்டத் தள்ளும். நான் பகலெல்லாம் கம்பி செய்யறேன், இங்க என் ஊட்டுக் கம்பி பூத்துக்கினு கீது" என்றார்.

"அத்த எறங்கி வந்து சொல்லேன். நாற்காலியும் ஆடிக்கினு கீது" என்றேன்.

அப்படித்தான் மாடிக்கு ஷீட் போடுவது முடிவானது. மேலே மெஷின்கள் நனையாது, கீழே வீடு நனையாது. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற எனக்கு, வீட்டுக்கும் ஒரு சட்டை போட்டு விடுகிறோம் என்று தோன்றியது.

ஷீட் போட வந்த மேஸ்திரி ஆரம்பாக்கத்துக்காரர். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார். எஸ்டேட்டில் கூரை போடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அதை நாம் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்.

"பாதி கம்பெனிய நான் மேலருந்துதான் பாத்துக்கீறேன், நைனா. கேட்டு எந்தப் பக்கம் கீதுன்னு கேட்டா தெரியாது. கூரையில எங்க இன்னா கீதுன்னு கேளு, கண்ண மூடிக்கினு சொல்றேன்."

வேலை தொடங்கும் நாளில் என் நாத்தனார் வந்து இறங்கினார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், எனக்கு அண்ணி. திருவாலங்காட்டுப் பக்கம் நிலம், நெல், மாடு என்று இருக்கிறவர். அங்கே ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, எங்கள் லைன் வண்டி பிடித்து வந்தார். தலையில் அரிசி மூட்டை, கையில் தேங்காய், எலுமிச்சம்பழம், மாவிலை. அந்த மூட்டையோடு எப்படிப் படி ஏறி இறங்கினார் என்று கேட்டால், "ஏறனவனுங்க தூக்கி வெச்சானுங்க, எறங்கனவனுங்க எறக்கி வெச்சானுங்க. நான் சும்மாதான் வந்தேன்" என்பார்.

மேஸ்திரி மாடியின் மேற்கு ஓரத்தில் முதல் ஷீட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தார். அண்ணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கீழிருந்து பார்த்தார்.

"இன்னாப்பா, அங்கருந்தா ஆரம்பிக்கிற?"

"ஆமாம்மா."

"எந்த வேலையா இருந்தாலும் ஈசானியத்துலதான் மொத கை வெக்கணும். மனை போடறப்ப அங்கதானே பூஜ போட்டோம்? கூரைக்கு மட்டும் வேற மூலையா?"

ஈசானிய மூலை என்பது வடகிழக்கு. மேஸ்திரி ஒரு கணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தார். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"கம்பெனியில டிராயிங்கு இன்னா சொல்லுதோ அதான், அம்மா. இங்க நீங்கதான் டிராயிங்கு" என்றார்.

அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் ஷீட் வடகிழக்கு மூலைக்குப் போனது. அதில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தோம். அங்கிருந்து மேற்கே பார்த்து, ஒவ்வொரு ஷீட்டும் முந்தைய ஷீட்டின் ஓரத்தின்மேல் ஏறி ஏறிப் போய், சாயங்காலத்துக்குள் கூரை மூடிவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் வடை பாயசம். மேஸ்திரி மூன்றாவது முறை பாயசம் கேட்டபோது அண்ணி, "இவன் கூரைக்கு வந்தானா, குண்டானுக்கு வந்தானா?" என்றார். மேஸ்திரி டம்ளரை நீட்டியபடியே நின்றார்.

அடுத்த வாரமே எங்களுக்கு ஒரு நல்லது நடந்தது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி. முதலாண்டுப் பிள்ளைகள் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கும் விழாவுக்கு வெள்ளை யூனிஃபார்ம் வேண்டும் என்றார்கள். துணியை எடுத்து விரித்துக் காட்டிய மேடம் சொன்னது இதுதான்: "இது நல்லா வந்தா வருஷா வருஷம் உங்களுக்கே. ஆனா வெள்ளைம்மா. ஒரு கறை இருந்தாலும் எடுக்கமாட்டேன்."

எங்களில் என்னையும் சேர்த்து இரண்டு பேர் கம்பெனியை விட்டு வந்துவிட்டோம். மற்ற மூவரும் லீவு போட்டு வந்து தைத்தார்கள். இந்த வெள்ளைத் துணி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அவர்களும் வந்துவிடுவார்கள். இல்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பவும் அந்த வேனில் ஏறவேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் துணியைத் தொடுவதற்கு முன்னால் ஐந்து பேரும் கையைக் கழுவிய கழுவலில் அது தெரிந்தது.

பிறகு ஐப்பசி வந்தது.

முதல் மழை கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து சாய்ந்து வந்தது. கூரைச் சத்தம் கேட்டு எங்களுக்கு ஒரே குஷி. "கம்பெனில இருந்தா இது கேட்டிருக்குமா" என்று ஒருத்தி கண்ணை மூடி ரசித்தாள். அப்போது அவள் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

விழுந்த சொட்டு ஒன்றுதான் என்றால் துடைத்துவிட்டுத் தைத்திருப்போம். நாலடிக்கு ஒரு வரி என்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, தரையில் வரிசையாக ஈரம். வெள்ளைத் துணியை வாரிக்கொண்டு நாங்கள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! ஒருத்தி முந்தானைக்குள் திணித்தாள். ஒருத்தி துணி மூட்டையின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். "எழுந்திருடி" என்றால், "நான் நனைஞ்சா காயும், இது நனைஞ்சா போச்சு" என்றாள். நாலு பேன்ட் துண்டுகளில் மட்டும் அழுக்குச் சொட்டு விழுந்திருந்தது. அதற்கே எல்லோர் முகமும் சுருங்கிவிட்டது.

அதற்கப்புறம் எங்கள் மாடி ஒரு வேடிக்கை. மெஷினுக்கு மெஷின் குடை கட்டினோம். மேலே கூரை, அதற்குக் கீழே குடை, அதற்குக் கீழே பிளாஸ்டிக் தாள், அதற்குக் கீழே நாங்கள். தெருவில் போகிறவர்கள் படியேறி வந்து பார்த்து ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பால்காரர் சொன்னது: "ஷீட்டுன்னா ஒழுவும்மா. ஒழுவாத ஷீட்ட நான் பாத்ததில்ல." அவர் வீட்டில் ஒழுகுகிறது, அதனால் உலகத்துக்கே ஒழுகவேண்டும்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற கொத்தனார் ஒருவர், எங்கள் வீட்டைக் கட்டியவர். அவர் கூரையை விட்டுவிட்டு என்னை வாசலுக்கு அழைத்துப்போய் ஜன்னலுக்கு மேலிருக்கும் ஸன்ஷேடைக் காட்டினார். அதன் அடிப்பக்கத்தில், ஓரத்தை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு. "இது எதுக்கு வுட்டு வெச்சிக்கீறேன்னு நெனச்ச? அழகுக்கா? தண்ணி கீழ வுழறதுன்னு நெனக்கிறோம். அது எங்கம்மா வுழுது? ஒட்டிக்கினு ஊர்ந்து ஊர்ந்து செவுத்துக்கு வரும். இந்தக் கோட்டுல வந்து தடுக்கி வுழும்" என்றார். அத்தனை வருடம் அந்த ஜன்னலில் நின்று பேசியிருக்கிறேன், அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை. என் கூரைக்கு அதனால் அப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் தண்ணீர் இதில் எப்படி ஊர்ந்து வரும் என்றுதான் முதலில் கண் போகிறது.

மேஸ்திரி வந்தார். ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஸ்க்ரூவுக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அதிகமாக முறுக்கினால் நசுங்கிக் கிழிந்துவிடும், குறைவாக முறுக்கினால் இடைவெளி விடும். எல்லாம் சரியாக இருந்தது. சந்தேகத்துக்கு ஷீட் சேரும் இடமெல்லாம் சிலிக்கான் தடவிவிட்டுப் போனார். அடுத்து அடித்த வெயிலில் ஷீட் விரிந்து சுருங்க, சிலிக்கான் பட்டைபட்டையாகப் பெயர்ந்துவிட்டது. அடுத்த மழைக்கு மறுபடி குடை.

அண்ணி போனில் கேட்டுவிட்டு, "திருஷ்டி. வேற ஒண்ணியும் இல்ல" என்றார். தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு வெண்பூசணிக்காய் கொடுத்தனுப்பினார். கண், மூக்கு, மீசை வரைந்து கூரைக்கு அடியில் கட்டினோம். அடுத்த மழையில் அந்தப் பூசணியின் தலையிலேயே சொட்டு விழுந்து, மீசை கரைந்து வாய்வரை வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஒரு மணி நேர வேலை கெட்டது.

ஒருநாள் காலையில் நல்ல மழை, ஆனால் காற்றே இல்லை. நேர்செங்குத்தாகக் கொட்டியது. நாங்கள் பழக்கத்தில் குடையெல்லாம் விரித்து வைத்துக் காத்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. மத்தியானம் கடல் காற்றோடு ஒரு சின்னத் தூறல் வந்தது. தரையில் வரி வரியாக ஈரம்.

பெரிய மழைக்கு ஒழுகாத கூரை தூறலுக்கு ஏன் ஒழுகுகிறது என்று யோசித்துக்கொண்டே பட்டன் பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரியில் ஆண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆண் சட்டை என்றால் இடப்பக்கத் துணி மேலே வரும்; பெண் சட்டை என்றால் வலப்பக்கத் துணி மேலே வரும். தைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கட்டு மாறாமல் இரண்டையும் மேஜையில் கழுத்து வடக்கே பார்க்கத் தனித்தனியாக மல்லாத்தி வைத்திருந்தேன். மேஜை விசிறி கிழக்கே இருந்தது. விசிறி திரும்பும்போதெல்லாம் பெண் சட்டையின் பட்டி மட்டும் படபடவென்று தூக்கிக்கொண்டது. ஆண் சட்டை சமர்த்தாகப் படுத்திருந்தது.

கல்லை எடுத்துப் பட்டியின்மேல் வைக்கப் போனவள், கையில் கல்லோடு அப்படியே நின்றேன். பிறகு ஏணி எடுத்து வைத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக் கூரையை மேலிருந்து பார்த்தேன். ஷீட்டுக்கு மேல் ஷீட் ஏறியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும், மேல் ஷீட்டின் ஓரம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. மழை வருகிற திசையைப் பார்த்து, வா வா என்று வாயைத் திறந்துகொண்டு.

மேஸ்திரியை வரவழைத்தேன். விசிறியைப் போட்டு, இரண்டு சட்டையையும் அதன் எதிரே வைத்தேன். பெண் சட்டை படபடத்தது. மேஸ்திரி சட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"கூரைக்குப் பொம்பள சட்ட தெச்சிட்டீங்க, மேஸ்திரி. இந்தக் காத்துக்கு ஆம்பள சட்டதான் போடணும்" என்றேன்.

"கூரையிலயும் அவங்க சட்டதானா? அங்கயாவது நம்மள வுடமாட்டாங்களா?" என்றாள் மூக்கில் சொட்டு வாங்கியவள்.

"காத்து மேக்கருந்து வந்தா நம்ம சட்ட. எனக்கு இன்னா, காத்தக் கேளு."

மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "கம்பெனின்னா மேக்கருந்துதான் ஆரம்பிப்பேன், அக்கா. கெழக்கு ஷீட்டு மேல வரும், ஓரம் மேக்கப் பாக்கும். அதான் மொறை. எனக்குத் தெரியாததில்ல."

"தெரிஞ்சே இன்னாத்துக்கு மாத்திப் போட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்க அக்கா எலுமிச்சம்பழத்தோட நிக்கிறாங்க, நைனா. நான் அவங்க கிட்ட காத்தப் பத்தியா பேசுவேன்? ஒரு ஊடுதானே, தாங்கும்னு நெனச்சேன். சாய்வும் கம்மி, கடலும் கிட்ட. தாங்கல."

யாருக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. எலுமிச்சம்பழத்தோடு நிற்கும் அண்ணியை எங்களுக்கும் தெரியும். அவர் முன்னால் நாங்களும் வாயைத் திறந்திருக்கமாட்டோம். வெயில் காலத்தில் சாயங்காலம் மேற்கிலிருந்து இடிமழை வருமே, அப்போது என்ன செய்வது என்று கொத்தனார் கேட்டார். மேற்கே பக்கத்து வீட்டு மாடிச் சுவர் உயரமாக நின்று அந்தக் காற்றைத் தடுக்கிறது, அது பிரச்சினையில்லை என்றார் மேஸ்திரி. எல்லா ஷீட்டையும் கழற்றி, புது வாஷர் போட்டு, மேற்கிலிருந்து மறுபடி மூடினால் தீர்ந்தது.

தீர்ந்ததா? அண்ணியிடம் யார் சொல்வது?

"நீயே சொல்லு. உங்கிட்டன்னா கொஞ்சமா திட்டும்" என்றார் வீட்டுக்காரர். "நான் ஷிப்டுக்குப் போறேன்." அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

அண்ணியை வரச்சொன்னோம். வந்தார், அரிசியோடு. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"பூஜ போட்டு வெச்சத எடுக்கறதா? ஈசானியத்துல கை வெச்சத மாத்துனா ஊடு தாங்குமா? நீங்க படிச்சவங்க, எனக்கு இன்னா தெரியும், செய்ங்க." கடைசியில் வந்த அந்தச் 'செய்ங்க'வுக்கு, செய்து பாருங்கள் பார்க்கலாம் என்று அர்த்தம்.

விசிறியும் சட்டையும் அண்ணியிடம் எடுபடாது. காபி போட்டுக் கொடுத்து, அவர் கொண்டுவந்த அரிசியைப் பற்றிக் கேட்டேன். போன அறுப்பில் மழையில் மாட்டிக்கொண்டதாமே என்றேன். அண்ணி பேச்சில் களத்துக்கே போய்விட்டார். நெல்லைக் குவித்ததும், வானம் கருத்ததும், ஆள் இல்லாமல் தானே தார்ப்பாய் இழுத்ததும்.

"ஒரு தார்ப்பாய் பத்தியிருக்காதே அண்ணி?"

"ரெண்டு போட்டேன்."

"ரெண்டும் சேர்ற எடத்துல எது மேல வரணும்?"

அண்ணி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "காத்து வர்ற பக்கத்துப் பாய்தான் மேல. மாத்திப் போட்டா காத்து உள்ள பூந்து தூக்கிக்கினு பூடும், நெல்லெல்லாம் ஊறிடும். இத்தக்கூட தெரியாம எப்டி எங்க ஊட்டுக்கு வந்த நீ?"

அண்ணி டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். கூரையைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார்.

"அட. தார்ப்பாய மாத்திப் போட்டுக்கீறோம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கூரைக்கு அண்ணிதான் இஞ்சினியர். "அந்த மொத ஷீட்டு, மஞ்சா குங்குமம் வெச்சது, அத்த கழட்டி பத்திரமா வெய்யி. மேக்கருந்து போட்டுக்கினு வா. கடசியா ஈசானியத்துல அதுவே வரணும். கோலத்தக்கூட எங்க ஆரம்பிச்சோமோ அங்கதானே கொண்டாந்து முடிக்கிறோம்?" மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. எங்களில் இரண்டு பேர் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வந்தார்கள், பட்டுப்புடவையோடு. மாற்றுப்புடவை கொடுத்து ஏற்றிவிட்டேன். மெஷினும் துணியும் கீழே பின்னறைக்குப் போயின. வீட்டுக்காரரின் ஷிப்டுக் கூட்டாளிகள் ஷீட் தூக்கினார்கள். ஷீட்டெல்லாம் கழற்றிய பிறகு மாடியில் வெயில் அடித்தபோது, அத்தனை நாள் குடைக்கடியில் குனிந்திருந்த நாங்கள் ஐந்து பேரும் கையை நீட்டிச் சோம்பல் முறித்தோம். பிறகு மேற்கிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. இந்த முறை ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்தையும் அண்ணி கீழிருந்து கேட்டுக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். "கெழக்கு மேலதானே?" "மேலதாம்மா." "நல்லாப் பாரு." "பாத்துட்டேம்மா." "நீ போனதடவயும் பாத்தவன்தான்." வேலையாட்கள் ஏணியில் நின்று சிரித்ததில் ஒரு ஸ்க்ரூ டப்பா கவிழ்ந்தது. கடைசியாக, குங்குமம் மங்கிப்போன அந்த ஷீட் ஈசானியத்தில் ஏறிப் படுத்தது. மறுபடி தேங்காய், மறுபடி பாயசம். இந்தத் தடவை மேஸ்திரி கேட்காமலே அண்ணி ஊற்றினார்.

எல்லாம் முடிந்தது, மழையைக் காணோம்.

அண்ணி ஊருக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "மழ வந்து பாத்துட்டுதான் போவேன்." காலையில் நாஷ்டா முடித்ததும் மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து உட்காருவார். பால்காரர், "இன்னாம்மா, வந்துச்சா?" என்று ஏதோ விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் போவார். நாங்கள் தைத்துக்கொண்டே இருந்தோம். வெள்ளைச் சட்டைகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. ஆனாலும் மெஷின் பக்கத்தில் குடைகள் மடித்துத் தயாராக இருந்தன. யாருக்கும் அவற்றைக் கீழே கொண்டுபோகத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்காரர் பொறுக்கமுடியாமல், "அக்கா, அங்க மாட்ட யாரு பாக்கறாங்க?" என்றார்.

"மாடு பால் தரும், நீ வாய மூடு" என்றார் அண்ணி. என்ன அர்த்தம் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

மழை ஒரு மத்தியானம் வந்தது. முதலில் காற்று. கிழக்கே தென்னைகள் எல்லாம் எங்கள் பக்கம் தலை சாய்த்தன. பிறகு மண் வாசனை, பிறகு ஷீட்டின்மேல் கைநிறையக் கடுகை வீசியது போல ஒரு சத்தம், பிறகு ஒரே இரைச்சல். ஐந்து மெஷினும் நின்றன. ஒருத்தி வெட்டி மிச்சமான வெள்ளைத் துணிகளை எடுத்து, பழைய ஈர வரிகள் விழுந்த இடத்திலெல்லாம் தரையில் நீளமாக விரித்தாள். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். நாங்கள் ஆறு பேரும் தலையை அண்ணாத்தியபடி நின்றோம். மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. மேலே தண்ணீர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஓடித் தெற்குப் பக்கம் தெருவோரமாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே, தரையில் கிடந்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

அண்ணி குனிந்து துணியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு கோடி, மறுகோடி, நடுவில் என்று தடவினார். எழுந்து கையை எங்களுக்குக் காட்டினார், உலர்ந்த கை.

"ஒண்ணியும் இல்ல, தெய்" என்றார்.

அன்றைக்கு நாங்கள் தைத்த வேகத்தில் கம்பெனி சூப்பர்வைசர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். சட்டைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மேடம் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருடத்துக்கான அளவு எப்போது எடுக்க வருவீர்கள் என்று கேட்டார். மற்ற மூவரும் லீவு முடிந்து வேனில் ஏறவில்லை. விளக்கேற்றும் விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாக நின்றபோது நாங்கள் ஐந்து பேரும் முகத்தைப் பார்க்காமல் பட்டன் பட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கீழே பின்னறைக் கூரையும் மெல்லக் காய்ந்தது. தை பிறந்ததும் வீட்டுக்காரர் கம்பியின் துருவைத் தேய்த்தெடுத்து, கொத்தனாரை வைத்துப் பூசிவிட்டார். இப்போது அங்கே பூச்சின் நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், அவ்வளவுதான். படுத்துக்கொண்டு அதைப் பார்த்து, "என் கம்பி நல்லா தூங்குது" என்பார்.

அண்ணி ஊரில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. திருவாலங்காட்டிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், "ஒங்க நாத்தனாருதானாமே கூரைய மாத்திப் போடச் சொன்னது? மேஸ்திரிக்கே தெரியலயாமே?" என்று கேட்டார். ஆமாம், அவர்தான் என்றேன். பொய்யும் இல்லையே.

அங்கே மழை தொடங்கினால் இன்றைக்கும் உடனே போன் வரும். நலமா, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் அப்புறம்தான்.

"அங்க பெய்யுதா? காத்து எந்தப் பக்கம்?"

"கெழக்கதான், அண்ணி."

"உள்ள?"

மெஷின்கள் நிற்கின்றன. நாங்கள் அண்ணாந்து பார்க்கிறோம். போனை மேலே தூக்கிப் பிடித்து மழைச் சத்தத்தைக் கேட்க வைக்கிறேன். பிறகு, எங்களில் யாரும் சொல்வதற்கு முந்திக்கொண்டு, அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வருகிறது:

"ஒண்ணியும் இல்ல, தெய்ங்க."